விடுமுறையில் மிதிவண்டி: இன்சுலின் செலுத்துவோர் அறியவேண்டியவை
நெதர்லாந்து பெரும்பாலும் சமதள நாடு; மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகள் உண்டு. அங்கு விடுமுறைக்குச் செல்லும் நீரிழிவு நோயாளர், மருத்துவரின் ஒப்புதலோடு நாள்தோறும் சிறிது தூரம் மிதிக்கலாம். ஆயினும் இன்சுலின் செலுத்திக்கொள்வோர் ஒன்றை மறத்தலாகாது. உழைக்கும் தசைகள் சர்க்கரையை ஈர்ப்பதால், இரத்தச் சர்க்கரை மிதிக்கும்போது மட்டுமன்றி அன்றிரவு உறக்கத்திலும் தாழக்கூடும்.

புறப்படுமுன்னும் படுக்குமுன்னும் அளவைச் சோதியுங்கள். எதிர்காற்று வலுத்தால் உழைப்பு மிகும், தூரத்தைக் குறையுங்கள். நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் தோன்றின் உடனே இறங்குங்கள். அளவு 70 மி.கி./டெ.லி.க்குக் கீழிருப்பின் 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிடங்களுக்குப்பின் மீண்டும் சோதியுங்கள்.

உடன் செல்வோர் கவனத்திற்கு: நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊட்டாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து, அந்நாட்டு அவசர எண்ணான 112-ஐ அழையுங்கள்.