லாபம் ஏட்டில், பணம் பார்ட்டியிடம்

புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. சம்பந்தி வீட்டார் முதல் மேடைப் பேச்சாளர் வரை ஆளுக்கொன்று சொல்வார்கள். அவற்றில் பாதி, திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதாலேயே உண்மை என்று ஆகிவிட்டவை. சிலவற்றை எடுத்து உரசிப் பார்ப்போம். ஒன்றை மட்டும் சற்று விரிவாகவே பேசப்போகிறேன். நம் ஊரில் நல்ல கைகளில் இருந்த தொழில்களையும் கவிழ்த்தது அதுதான் என்பது என் எண்ணம்.

“பத்தில் ஒன்பது ஸ்டார்ட்அப் மூடப்பட்டுவிடும்”

யார், எதை, எத்தனை ஆண்டுகளுக்கு எண்ணிச் சொன்னது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஆண்டுக்கணக்கில் முறையாக எண்ணி வைத்திருப்பது அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை. அங்கே புதிய நிறுவனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலேயே மூடப்படுகிறது. ஐந்து ஆண்டுகள் முடியும்போது பாதி மிஞ்சுகிறது. பத்து ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்கக் கணக்கை அப்படியே பல்லடத்துக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் ஒன்று தெரிகிறது. பெரும்பாலானவை தொடங்கிய வேகத்தில் விழுவதில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் விழுகின்றன.

“ஆர்டர் வரத் தொடங்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்”

இதுதான் அந்த நம்பிக்கை. கோவையில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு புது யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மாத விற்பனை 10 லட்சம் ரூபாய். மூலப்பொருள், கூலி, வாடகை, மின்கட்டணம் எல்லாம் சேர்த்துச் செலவு 8.5 லட்சம். மாதம் ஒன்றரை லட்சம் லாபம். ஏட்டில் அருமையான தொழில். ஆனால் சரக்கை வாங்கும் பெரிய கம்பெனி பணம் கொடுப்பது 90 நாள் கழித்து. இரும்புக் கடைக்காரர் அன்றைக்கே கேட்பார், மிஞ்சினால் ஒரு வாரம் பொறுப்பார். ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி போட்டாக வேண்டும். முதல் பில்லுக்குப் பணம் வந்து சேர்வதற்குள் மூன்று மாதச் செலவான 25.5 லட்சம் கையைவிட்டுப் போயிருக்கும்.

இப்போது அந்த யூனிட்டுக்கு நல்ல காலம் பிறக்கிறது. ஆர்டர் இரண்டு மடங்கு ஆகிறது. வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். பார்ட்டிகளிடம் மாட்டிக்கொண்டிருக்கும் பணமும் அதே வேகத்தில் 50 லட்சத்தைத் தொடுகிறது. கூடுதலாக வேண்டிய 25 லட்சத்தைப் பழைய லாபத்திலிருந்து சேர்ப்பதென்றால் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆகும். ஆர்டர் கொடுத்தவர் அதுவரை காத்திருப்பாரா? ஆகவே முதலில் நகை அடகுக்குப் போகும். பிறகு கைமாற்று, பிறகு மீட்டர் வட்டி. விற்பனை ஏற ஏற முதலாளிக்கு மூச்சு முட்டுவது இதனால்தான். கடைசி மாதம் வரை லாபம் காட்டிய கணக்குப் புத்தகத்தோடு ஷட்டரை இழுத்து மூடியவர்களைத் தொழிற்பேட்டைகளில் கேட்டால் சொல்வார்கள்.

இதற்கு மேல் ஜிஎஸ்டி. மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர்கள், பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். பார்ட்டி பணம் தந்தாரா, இல்லையா என்று துறை கேட்காது. 18 சதவீத வரி என்றால் மேலே சொன்ன 10 லட்சத்துக்கு 1.8 லட்சம். 5 லட்சம் ரூபாய் மூலப்பொருளுக்கு ஏற்கெனவே கட்டிய 90 ஆயிரத்தைக் கழித்தாலும், மீதி 90 ஆயிரத்தைச் சொந்தக் கையிலிருந்துதான் எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பணம் திரும்பி வரவும் மாதங்கள் ஆகும்.

சட்டம் சிறு தொழிலின் பக்கம்தான் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், ஒப்பந்தத்தில் எவ்வளவு நாள் போட்டிருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூடும் கூட்டுவட்டி. பணம் வராதவர்கள் மாநில அரசின் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். 2023-ல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வைத்தார்கள். இந்தக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. தந்த ஆண்டில்தான் காட்டலாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான்.

புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயம் நியாயமானதுதான், அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதற்காக இருக்கும் இன்னொரு வழி, பில்லை வங்கிகளிடம் விற்க உதவும் டிரெட்ஸ் என்ற இணையத் தளம். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் சேர்ந்தாக வேண்டும். சரக்கு வாங்கியவர் உங்கள் பில்லை அங்கே ஒப்புக்கொண்டுவிட்டால், வங்கிகள் போட்டி போட்டு அதற்கு விலை சொல்லும். சிறிது கழிவு போக மீதிப் பணம் சில நாட்களில் கைக்கு வந்துவிடும். பிறகு வாங்கியவர் பணம் கட்டத் தவறினாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது. பில்லை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதில் இருக்கும் சிக்கல். அதனால் விலை பேசும்போதே, ‘டிரெட்ஸில் ஏற்றுவீர்களா, எத்தனை நாளில் பணம்?’ என்று கேட்டுவிடுவது நல்லது. திருப்தியான பதில் வராவிட்டால் பாதி ஆர்டரை மட்டும் எடுங்கள், அல்லது அட்வான்ஸ் கேளுங்கள். வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்புவது லட்சுமியைத் திருப்பி அனுப்புவது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். 120 நாளில் பணம் தரும் லட்சுமியை ஒரு சிறு யூனிட் தாங்காது.

“விலையைக் குறைத்தால் விற்பனை கூடும், லாபமும் கூடும்”

விற்பனை கூடலாம். லாபத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய்க்கு விற்கும் பொருளுக்கு அடக்கம் 70 ரூபாய் என்றால் கையில் நிற்பது 30. பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் நிற்பது 20. பழைய லாபத்தைத் தொடவே ஒன்றரை மடங்கு விற்க வேண்டும். அந்தக் கூடுதல் சரக்குக்குப் போட வேண்டிய பணம் எங்கிருந்து வரும் என்பது மேலே பார்த்த அதே கதை.

சிறிய விலை என்பது வேறு. கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15 ஆயிரம் ரூபாயுடன் தொடங்கிய தொழில், சிக் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் கிராமத்துக் கடைகள் வரை கொண்டுபோனது. அங்கே அளவு குறைந்தது, அதனால் விலை குறைந்தது. இருக்கும் பொருளின் விலையை வெட்டுகிறவர்கள் இதை உதாரணமாகக் காட்டுவதில் பொருத்தமில்லை.

“நண்பர்களுக்குள் பத்திரம் எதற்கு?”

நண்பர்களுக்குள்தான் வேண்டும். ஒருவர் 8 லட்சம் போடுகிறார், இன்னொருவர் 2 லட்சம் போட்டுக் கடையைப் பார்த்துக்கொள்கிறார். லாபப் பங்கு பற்றித் தேநீர்க் கடையில் பேசியதோடு சரி. பிறகு சண்டை வந்து, வேறு ஏற்பாடு இருந்ததை யாராலும் காட்ட முடியாமல் போனால், 1932-ம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் சொல்வது சரிபாதி. போட்ட முதலையோ உழைப்பையோ அது பார்ப்பதில்லை. தினமும் கடையில் உட்கார்ந்தவருக்குச் சம்பளம் கேட்கும் உரிமையும் அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்தால்தான் உண்டு. கூட்டாண்மையைப் பதிவு செய்யாவிட்டால், பணம் தராத பார்ட்டி மீது ஒப்பந்தத்தின் பேரில் வழக்குப் போடவும் முடியாது.

கம்பெனியாகத் தொடங்குகிறவர்கள் பங்குகளை முதல் நாளே முழுதாகப் பிரித்துக்கொண்டுவிடுகிறார்கள். எட்டாவது மாதம் ஒருவர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டால், 40 சதவீதப் பங்கும் அவருடனே விமானம் ஏறிவிடும். நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சேரும்படியும், முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றும் இல்லை என்றும் எழுதிக்கொள்வது இதற்காகத்தான். கல்யாணத்துக்கு முன்பே விவாகரத்துப் பத்திரமா என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

“பிரைவேட் லிமிடெட் என்றால் வீட்டுக்கு ஆபத்தில்லை”

பாதி உண்மை. கம்பெனியின் கடன் கம்பெனியோடுதான் நிற்கும், இயக்குநர் சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போடாத வரை. வங்கி நீட்டும் தாள்களில் பெரும்பாலும் அந்தக் கையெழுத்தும் இருக்கும். கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனாலும், ஜாமீன் போட்டவரின் பொறுப்பு அதனால் தானாகத் தீர்ந்துவிடாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வசூலிக்க முடியாத ஜிஎஸ்டி பாக்கிக்கும், தன் அலட்சியத்தால் நேரவில்லை என்று இயக்குநர் நிரூபிக்காவிட்டால் அவரே பொறுப்பாளி ஆவார்.

“முதலீட்டாளர் கிடைத்துவிட்டால் கரையேறிவிட்டோம்”

சென்னையிலேயே இரண்டு பாதைகளும் உண்டு. 1996-ல் தொடங்கிய ஸோஹோ வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்தது. அங்கே வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் நண்பருடன் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ், முதலீடு வாங்கி 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்குப் போனது. எது சிறந்தது என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. வாங்குகிற பணத்தோடு வரும் நிபந்தனைதான் முக்கியம். ஒருவர் 10 கோடி போட்டு 25 சதவீதப் பங்கு எடுக்கிறார். போட்ட பணம் முதலில் தனக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. பிறகு கம்பெனி 12 கோடிக்கு விலை போனால் 10 கோடி அவருக்கு. 75 சதவீதம் வைத்திருந்தவர்களுக்கு மிஞ்சுவது 2 கோடி. செய்தித்தாளில் படம் வந்த அன்று இந்த வரியை யாரும் படித்திருக்க மாட்டார்கள். 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்புச் சொல்லப்பட்ட பைஜூஸ், 2024 ஜூலையில் 158 கோடி ரூபாய் பாக்கிக்காகத் திவால் நடவடிக்கைக்குள் இழுக்கப்பட்டது. மதிப்பு வேறு, கையிருப்பு வேறு.

வயது பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரியை விட்டு ஓடி வந்தவன்தான் ஜெயிப்பான் என்பது சினிமா. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புதிய நிறுவனங்களைப் பொருளியல் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, அவற்றைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. இருபது ஆண்டு வேலை பார்த்துவிட்டு இறங்குகிறவர் தாமதமாக வந்தவர் அல்லர்.

“கம்பெனிப் பெயரைப் பதிவு செய்தாயிற்று, இனி அது நம்முடையது”

இல்லை. கம்பெனிப் பதிவாளர் கொடுப்பது கம்பெனியின் பெயரை. பொருளின் பெயருக்கு உரிமை தருவது வணிகக்குறிப் பதிவு. இரண்டும் வெவ்வேறு அலுவலகம். அதே பெயரில் ஏற்கெனவே வணிகக்குறி வைத்திருப்பவர், மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பித்து உங்கள் கம்பெனிப் பெயரையே மாற்ற வைக்கலாம். அச்சடித்த அட்டைப்பெட்டி, பலகை, பில் புத்தகம் அத்தனையும் வீண். இணையத்தில் தேடிப் பார்க்கக் கட்டணம் இல்லை. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன் விண்ணப்பத்துக்கு ஒரு வகைக்கு 4,500 ரூபாய். பெயர்ப்பலகை எழுதக் கொடுக்கும் முன் அந்தத் தேடலைச் செய்துவிடுங்கள்.