காலால் மிதித்து, கையால் டைப் செய்ய: கால் பெடலைக் கம்ப்யூட்டரில் இணைப்பது எப்படி?

தூத்துக்குடிக் கடலில் 1955-ல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்பு 1961-உடன் நின்று போனது. அன்று இருபது வயதில் கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்கியவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். திரேஸ்புரத்திலோ வேறு கடற்கரை ஊரிலோ அப்படி ஒரு தாத்தா உங்கள் குடும்பத்தில் இருக்கிறார், அவர் சொன்னதையெல்லாம் செல்போனில் பதிவு செய்து கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல காரியம். ஆனால் ஆடியோ பைலாகவே கிடந்தால் அதை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. எழுத்தாக மாற்றினால்தான் அதில் ஒரு சொல்லைத் தேட முடியும், பிரிண்ட் எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும்.

உட்கார்ந்து எழுதிப் பாருங்கள், சிரமம் தெரியும். பிளேயரை மௌசால் நிறுத்த வேண்டும், வேர்டுக்கு வர வேண்டும், கேட்டதை டைப் செய்ய வேண்டும், மறுபடி பிளேயருக்குப் போக வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுதப் பழகியவர்களுக்கே நான்கு மணி நேரம் ஆகும். அதிலும் கடற்கரைப் பேச்சு என்றால் கேட்கவே வேண்டாம். 'நீவாடு' என்றால் கடல் நீரோட்டம். தெரியாதவர் காதில் அது 'நீ வாடு' என்று விழும். முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். 'அந்தப் பார்ல இறங்குனோம்' என்பதை 'அந்தப் பார், இறங்குனோம்' என்று எழுதி வைத்தால் அர்த்தமே மாறிவிடும். தானாகவே எழுதித் தரும் சாப்ட்வேர்கள் இப்போது தமிழுக்கும் வந்துவிட்டன. இந்த மாதிரி இடங்களில் அவையும் தடுமாறும். இரண்டு விநாடி பின்னால் போய்த் திரும்பக் கேட்பதுதான் ஒரே வழி, அதுவும் நூறு தடவை.

இந்த வேலையைக் கையிலிருந்து காலுக்கு மாற்றுவதுதான் கால் பெடல். மோட்டார் வைத்த தையல் மெஷினில் காலடியில் இருக்குமே, கிட்டத்தட்ட அது போலத்தான். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். இரண்டு கையும் கீபோர்டிலேயே இருக்கும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் தொழில் இங்கே வளர்ந்தபோது, அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பியதை நம்மவர்கள் டைப் செய்தது இந்தப் பெடலை மிதித்துத்தான்.

வாங்கும் முன் வயரின் முனையைப் பாருங்கள். பழைய பெடல்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் ஒன்பது முனை சீரியல் பிளக்கோ பதினைந்து முனை கேம் போர்ட் பிளக்கோ இருக்கலாம். கேம் போர்ட்டுக்கான ஆதரவை விண்டோஸ் விஸ்டாவிலேயே எடுத்துவிட்டார்கள். சீரியல் பெடலைக் கன்வெர்ட்டர் போட்டு ஓட்டலாம், ஆனால் ஓடுமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. புதியவர்கள் யூஎஸ்பி பெடலையே வாங்குவது நல்லது.

யூஎஸ்பி பெடலைச் செருகியதும் விண்டோஸ் அதைத் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும், பெரும்பாலும் தனி டிரைவர் தேவைப்படாது. சந்தேகமாக இருந்தால் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'ஹியூமன் இன்டர்பேஸ் டிவைசஸ்' பகுதியை விரித்துப் பாருங்கள். பெடலைப் பிடுங்கினால் அதில் ஒரு வரி மறைய வேண்டும், செருகினால் திரும்ப வர வேண்டும். அப்படி நடக்கவில்லை என்றால் சாப்ட்வேரைக் குறை சொல்லிப் பயனில்லை. யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டரின் பின்பக்கப் போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

அடுத்த சோதனைதான் முக்கியமானது. பெரும்பாலோர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டுப் பெடல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். நோட்பேடைத் திறந்து பெடலை மிதியுங்கள். ஏதாவது எழுத்து விழுகிறதா? விழுந்தால் உங்களுடையது கீபோர்டு வகைப் பெடல். அதாவது, ஒரே ஒரு கீ உள்ள கீபோர்டு காலடியில் கிடக்கிறது, அவ்வளவுதான். எதுவுமே விழவில்லையா? பயப்படாதீர்கள். இன்ஃபினிட்டி போன்ற டிரான்ஸ்கிரிப்ஷன் பெடல்கள் நோட்பேடில் ஒன்றும் எழுதாது. அவற்றின் மொழி டிரான்ஸ்கிரிப்ஷன் சாப்ட்வேருக்கு மட்டுமே புரியும்.

முதலில் இந்த இரண்டாவது வகை. என்சிஎச் நிறுவனத்தின் எக்ஸ்பிரஸ் ஸ்கிரைப் சாப்ட்வேரை இறக்கி இன்ஸ்டால் செய்யுங்கள். இலவசப் பதிப்பில் எம்பி3, வேவ் பைல்கள் ஓடும். டிஎஸ்எஸ் பைல் என்றால் கட்டணப் பதிப்புக்குப் போக வேண்டும். பெடலைச் செருகிய பிறகே சாப்ட்வேரைத் திறங்கள். ஆப்ஷன்ஸ் சென்று கன்ட்ரோலர் டேபில் கால் பெடலை இயக்கும் கட்டத்தை டிக் செய்து, கன்ட்ரோலர் செட்டப் விசார்டை ஓட்டுங்கள். எந்தப் பெடல் என்று கேட்கும், மிதித்துப் பார்க்கச் சொல்லும். மூன்று மிதி உள்ள பெடலில் நடுவில் இருக்கும் பெரியது ஓட்டுவதற்கு. பக்கத்தில் உள்ள இரண்டும் பின்னால் போகவும் முன்னால் போகவும். மாறி வந்தால் அதே இடத்தில் திருத்திக் கொள்ளலாம்.

இனி கீபோர்டு வகை. பிசிசென்சர் பெடல்கள் பலவும் இந்த வகைதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெடலில் ஆங்கில 'பி' எழுத்து பதிந்திருந்து, நீங்கள் தமிழ்99-ல் டைப் செய்துகொண்டிருந்தால், மிதிக்கும் போதெல்லாம் 'ங' வந்து விழும்! பெடலுடன் தரும் சாப்ட்வேரைக் கொண்டு அந்த எழுத்தை மாற்றுங்கள். மாற்றியது பெடலின் நினைவிலேயே பதிந்துவிடும்.

எந்தக் கீயைக் கொடுப்பது? எக்ஸ்பிரஸ் ஸ்கிரைபில் ஓட்ட எஃப்9, நிறுத்த எஃப்4, பின்னால் போக எஃப்7. மூன்று மிதி இருந்தால் இவற்றையே கொடுங்கள். ஆனால் நீங்கள் வேர்டில் டைப் செய்யும்போது கீ வேர்டுக்குத்தான் போகும், எக்ஸ்பிரஸ் ஸ்கிரைபுக்குப் போகாது. ஆகவே ஆப்ஷன்ஸில் ஹாட் கீஸ் டேபுக்குப் போய் 'சிஸ்டம் வைட் ஹாட் கீஸ்' என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள்.

ஒரே மிதிதான் என்றால் என் சிபாரிசு ஓடிரான்ஸ்கிரைப். இணைய பிரவுசரில் ஓடும் இலவச வசதி இது. ஆடியோவும் எழுதும் இடமும் ஒரே பக்கத்தில் இருப்பதால் கீ வேறெங்கும் போகாது. பெடலுக்கு எஸ்கேப் கீயைக் கொடுங்கள். ஒரு மிதியில் ஓடும், மறு மிதியில் நிற்கும். காலை அழுத்தியபடியே வைக்காதீர்கள். கீபோர்டில் ஒரு கீயை விடாமல் அழுத்தியது போல, ஓடுவதும் நிற்பதுமாகத் துடிக்கும். தட்டிவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். எழுதியது பிரவுசரிலேயே சேமிக்கப்படுவதால், வேலை முடிந்ததும் எக்ஸ்போர்ட் செய்து தனி பைலாக வைத்துக் கொள்ளுங்கள்.

போனில் பதிவான எம்4ஏ பைலை எக்ஸ்பிரஸ் ஸ்கிரைப் திறக்க மறுத்தால், விஎல்சி பிளேயரின் மீடியா மெனுவில் உள்ள கன்வெர்ட்/சேவ் மூலம் எம்பி3 ஆக்கிக் கொள்ளலாம். மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள். தாத்தாவின் குரல் அதில்தான் இருக்கிறது.

பெடல் ஓடத் தொடங்கியதும் எக்ஸ்பிரஸ் ஸ்கிரைபில் இன்னும் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஆப்ஷன்ஸில் பிளேபேக் டேபில் 'ஆட்டோ பேக்ஸ்டெப்' என்று இருக்கும். அதில் 1500 என்று கொடுங்கள். கணக்கு மில்லி செகண்டில். காலை எடுத்த ஒவ்வொரு முறையும் ஒன்றரை விநாடி பின்னால் போய் நிற்கும், அடுத்து மிதிக்கும்போது விட்ட சொல்லிலிருந்தே தொடங்கும். வேகத்தை 70 சதவீதமாகக் குறைத்தாலும் குரல் கரகரப்பாக மாறாது. அப்படியும் பிடிபடாத சொல்லை ஊகித்து எழுதாமல், நேரத்தைக் குறித்துக் கேள்விக்குறி போட்டுவிட்டு, பிறகு தாத்தாவிடமே கேட்டுவிடுங்கள்.

பெடலுக்கு அடியில் பழைய ரப்பர் மேட் ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் டைல்ஸ் தரையில் வழுக்கி மேஜைக்கு அடியில் ஓடிவிடும். கடற்காற்று உள்ள ஊர்களில் யூஎஸ்பி முனை சீக்கிரம் கறுத்துவிடும். பெடல் விட்டு விட்டு வேலை செய்தால், அதைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுச் செருகிப் பாருங்கள்.