பர்மாவினின்று வந்த பிள்ளையும் பள்ளித் தமிழும்

வடசென்னையின் துறைமுகப் பக்கத்தில் வாழ்வோர்க்குப் பல மொழி கேட்டல் புதிதன்று. இராயபுரத்தில் 1856-ஆம் ஆண்டு புகைவண்டி நிலையம் திறக்கப்பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் தொழிலையும் வாணிகத்தையும் நாடித் தெலுங்கர், ஆங்கிலோ இந்தியர், பார்சிகள் எனப் பலர் ஆங்குக் குடியேறினர். எனினும், குடிபெயர்ந்தார் வீட்டுப் பிள்ளையின் கல்வியையும் மொழியையும் ஆராயப் புகுவோர்க்கு இவ்வட்டாரத்தில் மிகத் தெளிவான உதாரணம் ஒன்று உண்டு. அது பர்மாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களின் வரலாறேயாம். எண்ணூரில் ஒரு குடியிருப்புப் பர்மா நகர் என்றே பெயர் பெற்றிருத்தலை நம் வாசகரிற் பலர் அறிவர்.

1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இரங்கூன் நகரத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அவருள் தமிழர் தொகை சிறிதன்று. வெ. சாமிநாத சர்மா ‘ஜோதி’ என்னும் திங்கள் இதழை அந்நகரிலிருந்தே நடத்தினார் எனின், அங்குத் தமிழ் படிப்போர் எத்துணைப் பேர் இருந்திருத்தல் வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1942-இல் ஜப்பானியர் படையெடுப்புக்கு அஞ்சி இலட்சக்கணக்கானோர் காட்டுவழியே நடந்து இந்தியா வந்தனர். யுத்தம் முடிந்தபின் பலர் மீண்டும் சென்றனர். 1962-இல் நே வின் என்னும் தளபதி ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. அவ்வாண்டு மே மாதத்தில் பெருமதிப்பு நோட்டுக்களும் செல்லாவாயின. கையில் யாதுமின்றிக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய குடும்பங்கள் அளவில. 1963 முதல் தமிழ்நாட்டுக்கு இங்ஙனம் வந்தோர் 1,40,000-க்கு மேற்பட்டவர்.

அரசாங்க ஏடுகள் இவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று குறித்தன. தந்தைக்கு அச்சொல் பொருந்தும். பாட்டனுக்கு மிகவும் பொருந்தும். பெகுவிலோ மோல்மேனிலோ பிறந்த பத்து வயதுப் பிள்ளைக்கு அது எவ்வாறு பொருந்தும்? ஒருநாளும் கண்டிராத ஊருக்கு ஒருவன் திரும்புதல் யாங்ஙனம்? சொல் ஆராய்ச்சியென இதனை நாம் இங்கு எழுப்பவில்லை. பள்ளிக்கூட வாயிலில் அப்பிள்ளைக்கு நேர்ந்த இடர் இச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. ‘தமிழ்ப் பிள்ளைதானே, தமிழ் தெரியாதா?’ என்று கேட்பது எவர்க்கும் எளிது. அயல்நாட்டுப் பிள்ளையாயின் அக்கேள்வியே எழாது.

அப்பிள்ளை அறிந்தது யாது என்று சற்றே நிதானித்துப் பார்ப்போம். வீட்டில் பேச்சுத் தமிழ். பள்ளியிலும் தெருவிலும் பர்மியம். பர்மா சுதந்தரம் பெற்ற 1948-க்குப் பின் அரசாங்கப் பள்ளிகளில் பர்மியமே போதனாமொழி. ஆதலின் அவனுக்கு ஓர் எழுத்து முறை நன்கு தெரியும். அது தமிழெழுத்தன்று, அவ்வளவே. அப்பர்மிய எழுத்தும் நம்முடையதும் பழைய பிராமியின் கிளைகளே. பர்மிய நெடுங்கணக்கில் 33 மெய்கள் உள. முதல் வரிசை ககரத்தில் தொடங்கி ஙகரத்தில் முடியும்; அடுத்த வரிசை ஞகரத்தில் முடியும்; பகர வரிசை மகரத்தில் முடிந்தபின், ய, ர, ல, வ என்பன அதே அடைவில் நிற்கும். நம் பிள்ளைகள் க, ங, ச, ஞ என்று ஓதும் முறையை இப்பிள்ளை கடலுக்கு அப்பாலேயே பாடம் பண்ணி வந்துவிட்டான். வரிவடிவம் மாத்திரமே அவனுக்குப் புதிது. இதனை ஓர் ஆசிரியர் அறிந்திருப்பாராயின், இரண்டு ஆண்டின் வேலை சில திங்களில் முடியும். அறியாராயின், ‘அரிச்சுவடியும் அறியாதவன்’ என்று அவனை ஐந்து வயதுக் குழந்தைகளோடு அமர்த்துவார்.

வாக்கிய அமைப்பிலும் இவ்வொற்றுமை உண்டு. ‘ஙா தமின் சாதெ’ என்பது பர்மியம். ஙா என்பது நான். தமின் என்பது சோறு. சா என்பது உண்ணுதல். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் முறை நம்முடையதே. ஆங்கிலத்தில் இம்முறை மாறுவதால் நம் மாணவர் படும் தொல்லையை நாம் நாள்தோறும் காண்கின்றோம். பர்மியத்திலிருந்து தமிழுக்கு வருவோர்க்கு அத்தொல்லை இல்லை.

இடர் வேறோரிடத்தில் உளது. ஈற்றில் நிற்கும் ‘தெ’ என்பது நான் உண்டாலும், அவள் உண்டாலும், மாடு உண்டாலும் மாறுவதில்லை. பர்மிய வினை திணையையும் பாலையும் இடத்தையும் காட்டாது. தாய் பர்மியப் பெண்மணியாயிருந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளை ‘அக்கா வந்தான்’ என்று கூறின், நம்மவர் கைகொட்டி நகைப்பர். அவனோ பிழையை மடமையாற் செய்யவில்லை. தான் அறிந்த இலக்கணத்துக்குப் பணிந்தே செய்கின்றான். ஆசிரியர் திருத்த வேண்டியது அந்த ஓர் ஈற்றை மட்டுமே, பிள்ளையை அன்று. (ழகரம் நாவில் வாராமையைக் குறித்தும் சிலர் நகைப்பதுண்டு. அவ்வகை நகைப்பு, வாழைப்பழத்தை நாம் சொல்லும் முறையை அறிந்த வடசென்னையார்க்கு அழகன்று.)

பெயரைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பர்மாவில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பெயரும் பள்ளியில் பர்மியப் பெயர் ஒன்றும் வழங்குதல் உண்டு. பர்மியர்க்குக் குடும்பப் பெயர் இல்லை, நமக்கும் இல்லை. எனினும் இங்கே தந்தை பெயரின் முதலெழுத்து வேண்டும். தோழர் அழைத்துப் பழகிய பெயர் கப்பலிலேயே நின்றுவிட, ஏட்டில் புதிய பெயரொன்று ஏறியது. பெரியோர்க்கு இஃது அற்பமாகத் தோன்றலாம். பெயர் சொல்லி அழைத்தபோது ஒரு பிள்ளை உடனே எழுந்து நில்லாமைக்குக் காது மந்தமே காரணம் என்று எண்ணிவிடலாகாது.

இக்குடும்பங்களின் மூன்றாந் தலைமுறையினர் இப்போது தமிழ் மட்டுமே பேசுகின்றனர். கடற்கரை நிலையத்துக்கு அருகே மாலையில் விற்கப்படும் அத்தோ, மொய்ங்கா என்னும் உணவுகளின் பெயரளவில் பர்மியம் எஞ்சி நிற்கின்றது. மீண்டும் பர்மா செல்லக் கருதித் தரைவழியே புறப்பட்டு, மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயில் தங்கிவிட்ட தமிழர் பிள்ளைகளோ மூன்று நான்கு மொழிகளுக்கிடையே இன்றும் வளர்கின்றனர்.

இவையெல்லாம் பழங்கதை எனக் கொள்ளற்க. எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளுக்கும் காமராஜர் துறைமுகப் பக்கத்துக்கும் ஒடிசா, பீகார், வங்காளம் முதலிய இடங்களிலிருந்து தொழிலாளர் வருகின்றனர். அவர்தம் பிள்ளைகளும் வருகின்றனர். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். அது தக்கதே, வாழும் ஊரின் மொழியறியாப் பிள்ளை அங்காடியிலும் மருத்துவமனையிலும் ஊமையாவான். ஆயினும் அரசியலமைப்பின் 350-அ பிரிவு, தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வழிக் கல்விக்கும் வசதி செய்யச் சொல்லுகின்றது. இரண்டும் ஒன்றையொன்று தடுப்பனவல்ல. ஒடியாவிலும் வங்காளத்திலும் வினை ஆண்பால் பெண்பால் காட்டாது. ஆகவே அப்பிள்ளையும் ‘அம்மா வந்தான்’ எனலாம். இந்தியிலோ அஃறிணைப் பாலே இல்லை, வண்டி பெண்பால். அவ்வீட்டுப் பிள்ளை ‘வண்டி வந்தாள்’ எனின் வியப்பென்னை? இரு பிழைக்கும் மருந்து வேறு. ஒரே பயிற்சியை இருவர்க்கும் கொடுத்துப் பயன் காணோம் என்று வருந்துதல் வீண்.

நம் கல்லூரி மாணவருள் ஆசிரியத் தொழிலை நாடுவோர்க்கு ஒரு வேண்டுகோள். 1964-இல் பத்து வயதினராய்க் கப்பலேறியோர் இப்போது எழுபதைக் கடந்தவர். விடுமுறையில் பர்மா நகருக்குச் சென்று, அப்பெரியோர் தம் பள்ளியில் ஓதிய நெடுங்கணக்கை அவர் கையாலேயே எழுதி வாங்கி வருக. அருகே தமிழ் வரிசையையும் எழுதி, எவ்வெவ்விடத்தில் ஒத்துள்ளது, எங்கே விலகுகின்றது என்று குறித்து அனுப்பின், அடுத்த ஆண்டு மலரில் அதற்கு இடம் ஒதுக்கச் சித்தமாயுள்ளோம்.