விடியற்காலையில் மீன் வாய் பிளப்பது ஏன்?

மீன் வளர்ப்பு என்றதும் தீவனமே நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரில் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தோர், விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாய் பிளப்பதைப் பசியென்றெண்ணி, கடன் வாங்கிய பணத்தில் மேலும் பிண்ணாக்கும் தவிடும் இடுவதைக் கண்டிருக்கிறேன். அது பசியன்று, மூச்சுத் திணறல்.

பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவிலோ அதுவும் மீனைப்போலவே அதைச் செலவிடுகிறது. ஆகவே விடியும் வேளையில்தான் நீரில் கரைந்துள்ள பிராணவாயு மிகக் குறைவு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டை இனங்கள் நன்கு வளரும். 3க்குக் கீழே இறங்கினால் இரையெடுப்பது குறையும். தின்னாத பிண்ணாக்கோ அழுகி, மிச்சமுள்ள பிராணவாயுவையும் தீர்த்து, அம்மோனியா என்னும் நஞ்சைச் சேர்க்கும். அன்று தீவனத்தை நிறுத்துவதே முதல் சிகிச்சை. பின்னர் மோட்டார் நீரை உயரத்திலிருந்து சிதறி விழச் செய்ய வேண்டும். நிலத்தடி நீரில் பிராணவாயு குறைவு, விழும்போதுதான் காற்று கலக்கும்.