பி.டி.எஸ். வழியாக எம்.பி.பி.எஸ்.-க்குப் பாதை கிடையாது

“இப்போதைக்கு பி.டி.எஸ். சேர்த்துவிடுங்கள். முதல் வருஷப் பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான். பாஸ் பண்ணிவிட்டால் நேராக எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷத்துக்கு மாறிக்கொள்ளலாம்.”

நீட் முடிவு வந்து கவுன்சிலிங் பேச்சு தொடங்கிவிட்டால் இந்த வாக்கியம் என் காதில் விழாத வாரமே இருக்காது. பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுப்பவன் என்பதால் பெற்றோர்கள் போனில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் ஓரமாக அழைத்துப்போய்க் கேட்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: சீட் வாங்கித் தரும் ஏஜென்ட், கோச்சிங் சென்டரில் பார்த்த ஒருவர், சொந்தத்தில் விவரம் தெரிந்த ஒருவர். அப்படி மாறிப்போன ஒரே ஒரு மாணவரைக் காட்டுங்கள் என்றால் ஒருவராலும் முடிவதில்லை. அப்படி ஒரு மாணவர் இல்லை என்பதுதான் காரணம்.

இந்த ஒரு புரளி, எப்போது நீட் எழுதுவது, எந்த வருஷம் விண்ணப்பிப்பது, கிடைத்த சீட்டில் சேர்வதா மறுபடி எழுதுவதா என்ற எல்லா முடிவையும் குட்டிச்சுவராக்குகிறது. அதனால் முதலில் இதைத் தீர்த்துவிடுவோம்.

நம்பிக்கை: ஒரு வருஷம் பி.டி.எஸ். படித்துவிட்டு எம்.பி.பி.எஸ்.-க்கு மாறலாம்

முடியாது. இந்தியாவில் எம்.பி.பி.எஸ்.-க்குள் நுழைய ஒரே வாசல் முதலாம் ஆண்டு. அதற்கு அந்த ஆண்டின் நீட் மதிப்பெண் வேண்டும், கவுன்சிலிங்கில் எம்.பி.பி.எஸ். சீட் ஒதுக்கீடு வேண்டும். பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்கிறாரே, அந்த மாதிரி ஏற்பாடு மருத்துவத்தில் கிடையாது.

இரண்டு படிப்பும் இரண்டு சட்டங்களின் கீழ் வளர்ந்தவை. பல் மருத்துவத்துக்கு 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம். அதன் இடத்துக்காக 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம். எம்.பி.பி.எஸ்.-க்கு 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம். தமிழ்நாட்டில் இரண்டு பட்டங்களையும் கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தருகிறது என்பதால் உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். பட்டம் தரும் இடம் ஒன்றாக இருக்கலாம். ஒரு படிப்பின் முதல் ஆண்டை மற்றொன்றின் முதல் ஆண்டாகக் கணக்கில் எடுக்க விதியில் இடமில்லை.

அடுத்து, ‘பாடம் ஒன்றுதான்’ என்ற வாதம். இதைக் கேட்டால்தான் எனக்குப் பொறுமை போகிறது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று பாடத்தின் பெயர்கள் ஒன்றாக இருப்பது உண்மை. உள்ளே போய்ப் பாருங்கள். எங்கள் மாணவர்கள் உடற்கூறியல் மேசையில் அதிக நேரம் செலவிடுவது தலையிலும் கழுத்திலும். முகத்துக்குப் போகும் நரம்பு எந்த எலும்புத் துளை வழியாக வெளியே வருகிறது, கீழ்த்தாடை நரம்பை மரத்துப்போகச் செய்ய ஊசி எங்கே நுழைய வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படியாக வேண்டும். கை, கால், வயிறு, இடுப்பு ஆகியவற்றைத் தொட்டுக்கொண்டு போவார்கள். எம்.பி.பி.எஸ். மாணவரோ முழு உடலையும் அறுத்துப் படிக்கிறார். காலின் ரத்தக் குழாயைச் சரியாகப் பார்த்திராத ஒருவரை இரண்டாம் ஆண்டில் கொண்டுபோய் உட்கார வைக்க எந்தக் கல்லூரி ஒப்புக்கொள்ளும்?

பி.டி.எஸ். முதலாம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். பக்கம் இல்லவே இல்லாத ஒரு முழுப் பாடமும் உண்டு: பல்லின் உடற்கூறியல், கருவியல், திசுவியல். சோப்புக்கட்டி மாதிரி ஒரு மெழுகுக் கட்டியைக் கையில் கொடுத்து, மேல்தாடை நடு வெட்டுப்பல்லைச் செதுக்கச் சொல்வோம். பாடநூல் அளவுப்படி பல்லின் மேல்பகுதி 10.5 மில்லிமீட்டர், வேர் 13 மில்லிமீட்டர். முன்பக்கம் லேசாகப் புடைத்திருக்க வேண்டும், பின்பக்கம் குழிந்திருக்க வேண்டும், ஈறோரக் கோடு வளைந்து போக வேண்டும். கத்தி ஒரு இழை அதிகமாக இறங்கினால் பல் போயிற்று. புதுக் கட்டி எடுத்து மறுபடி தொடங்க வேண்டும். மனம் முழுக்க எம்.பி.பி.எஸ்.-இல் இருக்கும் பிள்ளை அந்த மேசையில் உட்கார்ந்து கட்டி கட்டியாக வீணாக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கையில் திறமை இல்லாமல் இல்லை. ‘இங்கே கொஞ்ச நாள்தானே இருக்கப்போகிறோம்’ என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

புரளி எங்கிருந்து முளைத்தது என்பதையும் சொல்கிறேன். 2017-இல் வந்த தேசிய மருத்துவ ஆணைய மசோதாவில் ‘பிரிட்ஜ் கோர்ஸ்’ என்ற இணைப்புப் படிப்பு பற்றி ஒரு பிரிவு இருந்தது. அது ஆயுஷ் மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது; பல் மருத்துவர்களுக்காக அல்ல. எதிர்ப்பு கிளம்பியதும் 2018 மார்ச்சில் அதையும் கைவிட்டார்கள். பல் மருத்துவர்களுக்கும் அப்படி ஒன்று வரலாம் என்று பின்னர் பேச்சு எழுந்து, பேச்சோடு நின்றது. வராத ஒரு படிப்பை வைத்துக்கொண்டு பிள்ளையின் எதிர்காலத்தைத் திட்டமிடாதீர்கள்.

சட்டப்படி உள்ள வழி ஒன்றுதான். பி.டி.எஸ். படிக்கும்போதே மறுபடி நீட் எழுதலாம், தடை இல்லை. எம்.பி.பி.எஸ். கிடைத்தால் பி.டி.எஸ்.ஸை விட்டுவிட்டு முதலாம் ஆண்டின் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு. பல் மருத்துவத்தில் போன ஒரு வருஷத்தையும் சேர்த்தால் ஆறரை. வீட்டிலிருந்து ஒரு வருஷம் படித்து நீட் எழுதிச் சேர்ந்தாலும் அதே ஆறரைதான். ஒரு நாள்கூட மிச்சமில்லை. கட்டிய கல்லூரிக் கட்டணமும், இடையில் நின்றால் கேட்கும் தொகையும்தான் கூடுதல் செலவு. சான்றிதழ்களின் மூலப்பிரதி கல்லூரியிடம் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். மே மாதத்தில் நீட் வரும்போது முதலாம் ஆண்டு மாணவர் மெழுகுக்கும் மண்டை எலும்புக்கும் நடுவில் இருப்பார். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒழுங்காகப் படிப்பவர் அபூர்வம்.

ஆக, சேர்வதற்கு முன்பே முடிவெடுங்கள். எம்.பி.பி.எஸ். தவிர வேறெதிலும் மனம் ஒப்பவில்லை, இந்த முறை பாடத்தை முடிக்காமலே எழுதினோம், மதிப்பெண்ணும் எட்டும் தூரத்தில்தான் நிற்கிறது என்றால் ஒரே ஒரு வருஷம் வீட்டிலிருந்து முழு மூச்சாகப் படித்து எழுதுங்கள். முழுப் பாடமும் படித்து, மாதிரித் தேர்வுகளும் எழுதி, மதிப்பெண் அதே இடத்தில் நின்றால் இன்னொரு வருஷம் அதைப் பெரிதாக நகர்த்தாது. அப்போது பல் மருத்துவம் பிடித்திருந்தால் முழு மனதோடு வாருங்கள். பிடிக்கவில்லை என்றால் தயவுசெய்து வராதீர்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை.

நம்பிக்கை: பன்னிரண்டாம் வகுப்பிலேயே எழுதி மதிப்பெண் குறைந்தால் அது பதிவில் நின்றுவிடும், நன்றாகத் தயாரான பிறகு எழுதினால் போதும்

எழுதுங்கள். இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடு கிடையாது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பினால் போதும். வயது உச்சவரம்பு 2022-இல் நீங்கிவிட்டது. மறுபடி எழுதுகிறவருக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. இரண்டு பேர் ஒரே மதிப்பெண் எடுத்தால் முதலில் உயிரியல் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், எத்தனையாவது முயற்சி என்று பார்ப்பதில்லை. மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி, சரிக்கு நான்கு, தப்புக்குக் கழித்தல் ஒன்று. இதன் வேகம் அந்த அறையில் உட்கார்ந்தால்தான் பிடிபடும். 2023-இல் மே 7, 2024-இல் மே 5, 2025-இல் மே 4 என்று மே மாதத்தின் முதல் ஞாயிறுகளில் நடந்த தேர்வு இது. பிளஸ் டூ தேர்வு முடிந்து கையில் கிடைக்கும் வாரங்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

நம்பிக்கை: பல் மருத்துவ மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நீட் தேவையில்லை

தேவை. 2016-இல் பல் மருத்துவர்கள் சட்டத்தைத் திருத்தி 10டி என்ற பிரிவைச் சேர்த்தபோதே பொது நுழைவுத்தேர்வு சட்டமாகிவிட்டது. அரசு இடம், நிர்வாக இடம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் நீட் தகுதி வேண்டும். அது இல்லாமல் பணம் வாங்கிக்கொண்டு சேர்க்கிறேன் என்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

நம்பிக்கை: பி.டி.எஸ். இடம் எப்போதும் காலிதான், கட்-ஆஃபை எப்படியும் குறைத்துவிடுவார்கள்

2020-21-இல் நாடு முழுவதும் சுமார் 7,000 பி.டி.எஸ். இடங்கள் காலியாகக் கிடந்தன. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தகுதிச் சதமானத்தை 10 குறைக்கச் சொன்னது. அந்த ஆண்டுக்கான உத்தரவு அது. காலி இடங்கள் பெரும்பாலும் தனியார் கல்லூரிகளில் இருந்தன. 1953-இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ, 2023-இல் 50 இடங்களோடு தொடங்கிய புதுக்கோட்டைக் கல்லூரியிலோ இடம் உங்களுக்காகக் காத்திருக்காது.

நம்பிக்கை: நீட் மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும்

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்கப் போகிறவர்களுக்குத்தான் அந்த மூன்று வருஷம். இங்கே பி.டி.எஸ். சேர அந்தந்த வருஷத்து மதிப்பெண்தான்.

நம்பிக்கை: நீட் பாஸானால் விண்ணப்பம் தானாகப் போய்விடும்

போகாது. மாநில இடங்களுக்கு சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அரசு ஒதுக்கீட்டுக்கு ஒன்று, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இன்னொன்று. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் எம்.சி.சி. எனப்படும் மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நிகர்நிலைக்கு மட்டும் டெபாசிட் இரண்டு லட்சம் ரூபாய். மிச்ச இடங்களை நிரப்பும் கடைசி ‘ஸ்ட்ரே’ சுற்றில் சும்மா போட்டுப் பார்ப்போம் என்று விருப்பம் பதிவு செய்யாதீர்கள். சீட் ஒதுக்கி, நீங்கள் சேராவிட்டால் டெபாசிட் போய்விடும். அடுத்த ஆண்டு நீட் எழுதவும் தடை வரும். மறுபடி எழுதும் எண்ணத்தில் இருப்பவர்கள் இந்த விதியைத் தெரிந்துகொள்ளாமல் கணினி முன் உட்காரக்கூடாது.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்கிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ‘பணம் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று ஒதுங்கும் குடும்பங்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த ‘மாறிக்கொள்ளலாம்’ பேச்சு மீது எனக்கு இத்தனை கோபம் வரக் காரணம் இருக்கிறது. எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு முப்பது வயதுகூட ஆகாத ஆண்கள் வருகிறார்கள். வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல்கூட நுழைவதில்லை. கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, தடித்து, நார் நாராக இறுகியிருக்கும். பாக்கு, பான் மசாலா, உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம். குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-இலேயே தடை வந்தது, பழக்கம் போகவில்லை. இந்த இறுக்கம் பலருக்கு வாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய படி. இதை முதலில் பார்க்கக் கூடியவர் பல் மருத்துவர்தான். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு பல் மருத்துவர் இருந்து, வருகிறவர் காய்ச்சலுக்கு வந்தாலும் வாயைத் திறந்து பார்த்து அனுப்பினால் எத்தனையோ தாடைகளை அறுக்க வேண்டியிருக்காது. அந்தப் பணியிடங்களை அரசு உருவாக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இனியும் சொல்வேன். அந்த இடத்தில் உட்கார, இந்த வேலையை விரும்பித் தேர்ந்தெடுத்த ஆள் வேண்டும். வேறொரு படிப்பின் வாசலில் காத்திருந்தவர் அங்கே உதவ மாட்டார்.

கவுன்சிலிங்கில் விருப்பக் கல்லூரிகளைப் பதிவு செய்யும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் ஒரு காலைப்பொழுது பக்கத்து அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு உங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு போங்கள். நோயாளிகள் வருவதையும் வேலை நடப்பதையும் பார்க்கட்டும். ஏஜென்ட் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த ஆண்டின் கவுன்சிலிங் கையேட்டை, இடைநிற்றல் பக்கம் உட்பட, முழுதாகப் படியுங்கள். பிறகு பல் மருத்துவரா, இன்னொரு வருஷ நீட்டா என்று ஒன்றை முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி கிடையாது.