கட்டில் வாரியா, வேலை வாரியா?

வார்டில் ஒரு வேலையைத் தொடங்கிய கையோடு முடிக்க விடமாட்டார்கள். ஆன்டிபயாடிக்கைக் கரைத்துக்கொண்டிருக்கும்போதே "சிஸ்டர், டிரிப் முடிஞ்சிடுச்சு" என்று ஒரு குரல் வரும். லேபிலிருந்து போன் வரும். டாக்டர் ரவுண்ட்ஸுக்கு வந்து நிற்பார். புதிதாக டியூட்டிக்கு வந்தவர் வேலையை அடுக்க எந்த முறை வேகமானது என்று தேடுவதில் பயனில்லை. நடுவில் யாராவது கூப்பிட்டால் எந்த முறை குலையாமல் நிற்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் முறை வேலை வாரி. எல்லாருக்கும் பி.பி., பிறகு எல்லாருக்கும் ஊசி, பிறகு எல்லாருக்கும் மாத்திரை. நோயாளிகள் நிறைந்து நர்ஸுகள் குறைந்த வார்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகின்றன: ஊசிக்கு ஒரு சிஸ்டர், டி.பி.ஆர். பார்க்க ஒருவர், கேஸ் ஷீட் எழுத ஒருவர். டிரேயை ஒருமுறை அடுக்கினால் போதும், கையும் பழகிவிடும். குறை என்னவென்றால், ஒரு நோயாளியை நான்கு பேர் பார்த்திருப்பார்கள், முழுதாக ஒருவரும் பார்த்திருக்கமாட்டார். காலையில் பி.பி. இறங்கியிருந்ததைக் குறித்தவர் ஒருவர், பி.பி. மாத்திரையைக் கொடுத்தவர் இன்னொருவர் என்று ஆவது இந்த முறையில்தான். ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸே பொறுப்பு என்ற ஏற்பாட்டை 1960களின் இறுதியில் மேரி மாந்தே என்ற நர்ஸும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவாக்கியதும் இப்படிப் பிரிந்துகிடந்த வேலையைப் பார்த்துத்தான்.

இரண்டாவது கட்டில் வாரி. ஒரு கட்டிலுக்குப் போனால் பி.பி., கேனுலா போட்ட இடம், டிரிப், யூரின் பை, மருந்து எல்லாம் முடித்து, எழுதிவிட்டு நகர்வது. இடையில் கூப்பிட்டால் அந்த ஒரு கட்டில்தான் பாதியில் நிற்கும். எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. ஆனால் கடைசிக் கட்டிலுக்குப் போவதற்குள் எட்டு மணி ஆன்டிபயாடிக் ஒன்பதரையாகிவிடும். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டியவர் இட்லியை முடித்திருப்பார்.

என் தேர்வு கட்டில் வாரிதான், ஆனால் நகராத வேலைகளை முதலில் கடிகாரத்தில் அறைந்துவிட்டு. எல்லா மருந்துக்கும் ஒரே கண்டிப்பு தேவையில்லை. ஐ.எஸ்.எம்.பி. என்ற அமெரிக்க மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2011இல் தந்த வழிகாட்டுதல்படி, நேரம் தவறினால் கெடுதல் செய்யும் மருந்துகளுக்கு முன்பின் 30 நிமிடம், நாளுக்கு ஒரு முறை தருபவற்றுக்கு முன்பின் 2 மணி நேரம் வரை இடமுண்டு. உங்கள் மருத்துவமனையின் விதி வேறாக இருந்தால் அதுதான் சட்டம். இன்சுலின், பார்கின்சன் மாத்திரை இவை முதல் வகை. ஸ்டாட் ஆர்டர் என்றால் உடனே கொடுக்க வேண்டும். காலை வைட்டமின் மாத்திரை அப்படியில்லை.

மருந்து நேரத்தைவிடப் புது நர்ஸை அதிகம் மாட்டிவிடுவது, தொடங்கினால் நம்மைக் கட்டிப்போடும் வேலை. ரத்தம் ஏற்றினால் முதல் 15 நிமிடம் கட்டிலருகே நிற்க வேண்டும், 4 மணி நேரத்துக்குள் பையும் முடிய வேண்டும். அதை இன்சுலின் நேரத்திலோ ஹேண்டிங் ஓவருக்குச் சற்று முன்னோ தொடங்கினால் இரண்டும் கெடும். அவசரமில்லையென்றால் இடம்பார்த்துத் தொடங்குங்கள். வான்கோமைசின் 1 கிராமுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், விரட்ட முடியாது. அதை முதலில் மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம். டிரிப்புக்கும் கணக்கு உண்டு: 500 மி.லி. 4 மணி நேரத்தில் போக, மி.லி.க்கு 20 துளி செட்டில் நிமிடத்துக்கு சுமார் 42 துளி. முடியும் நேரத்தைப் பிளாஸ்திரியில் எழுதி பாட்டிலில் ஒட்டினால், "முடிஞ்சிடுச்சு" குரலுக்கு முன்னாடியே நீங்கள் போய் நிற்கலாம்.

குறிப்புத்தாள் எப்படி இருக்கலாம்? ஐ.சி.யு.வில் ஓரிரு நோயாளி என்றால் மணி வாரிக் கட்டம் போதும். வார்டில் ஏழெட்டுப் பேர் என்றால் கட்டிலுக்கு ஒரு வரி, அதன் ஓரத்தில் மணிகள். போன் அலாரத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். கையுறையோடு அதைத் தொடக் கூடாது.

எழுதுவதை அப்போதைக்கப்போது செய்வதா, கடைசியில் மொத்தமாகவா? மருந்து, பி.பி., ஐ.ஓ. சார்ட் மூன்றும் அந்த நிமிடமே. மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்து காலை எட்டு மணி யூரின் அளவை நினைவிலிருந்து எடுத்தால் அது கற்பனைதான். விரிவான நர்ஸ் நோட்ஸை இரண்டு தவணையாக எழுதிக்கொள்ளலாம். மருந்து கொடுப்பதற்கு முன் கையெழுத்துப் போடும் பழக்கம் மட்டும் எந்த நெருக்கடியிலும் வேண்டாம்.

உங்கள் வார்டு வேலை வாரியாக ஓடுகிறதா? புதிதாக வந்தவர் அதை மாற்ற முடியாது, இன்சார்ஜ் சிஸ்டரோடு மல்லுக்கு நிற்கவும் வேண்டாம். ஹேண்டிங் ஓவர் முடிந்ததும், பி.பி. மெஷினைத் தொடுமுன், கட்டில் கட்டிலாக ஒரு சுற்று போய்வாருங்கள்: மூச்சு, நினைவு, டிரிப், கேனுலா. அதற்குப் பிறகு உங்களுக்குக் கொடுத்தது ஊசி மட்டுமே என்றாலும், எந்தக் கட்டிலில் இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

மருந்து கலக்கும்போது மட்டும் கூப்பிட்டவுடன் ஓடாதீர்கள். "இதோ வரேன்மா, மருந்து கலக்குறேன்" என்றால் பெரும்பாலானவர்கள் காத்திருப்பார்கள். மூச்சுத் திணறல், ரத்தக் கசிவு, வலிப்பு என்றால் கையிலிருப்பதை அப்படியே விட்டுப் போகலாம். திரும்பி வந்ததும் பாதியில் விட்ட சிரிஞ்சைக் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.