ஆபீஸ் வீட்டுக்கு வந்தா... வேலைக்குப் போகப்போற நமக்கு ஒரு பாடம்



ஆஃபர் லெட்டர் மெயிலில் பத்திரமா இருக்கு. ஜாயினிங் டேட் மட்டும் வரலை. இல்லைன்னா ஜாயின் பண்ணியாச்சு, ஆனா ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்குன்னே தெரியாது. லேப்டாப் மட்டும் கூரியரில் வந்து இறங்கியிருக்கு. நம்மில் பாதிப் பேரின் நிலைமை இதுதானே? "எப்படியாவது சமாளிச்சுக்கலாம்" என்று நானும் நினைத்தேன். நாலு மாதம் வீட்டிலிருந்தே இன்டர்ன்ஷிப் செய்த பிறகு புரிந்தது: தியரி, லேப் மாதிரி இதையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

இது 2020-ல் பிறந்ததா?

இல்லை. 'டெலிகம்யூட்டிங்' என்ற சொல்லை அமெரிக்காவின் ஜாக் நில்ஸ் உருவாக்கியது 1973-ல். ஊழியர் வேலையைத் தேடிப் பயணிப்பதற்குப் பதிலாக, வேலை கம்பி வழியே ஊழியரைத் தேடி வரட்டும் என்பதே அதன் சாரம். நம்ம சென்னைக்கும் இது புதுசில்லை. 2019 ஜூனில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோதே ஓ.எம்.ஆர். ஐ.டி. நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லின. 2020 மார்ச் 25-ல் தொடங்கிய ஊரடங்கு, சிலருக்கு இருந்ததை ஒரே வாரத்தில் எல்லோருக்கும் ஆக்கிவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு சோதனை சொல்வது

சீனாவில் சிட்ரிப் என்ற பயண நிறுவனம் இருக்கிறது. அதன் ஷாங்காய் கால் சென்டரில் 2010 டிசம்பர் முதல் ஒன்பது மாதம் ஒரு சோதனை நடந்தது. விருப்பம் தெரிவித்தவர்களில் தகுதியான 249 பேரை எடுத்துக்கொண்டு, பிறந்த தேதி இரட்டைப்படையானால் வீடு, ஒற்றைப்படையானால் ஆபீஸ் என்று பிரித்தார்கள். வீட்டுக் குழு வாரத்தில் நாலு நாள் வீட்டிலும் ஒரு நாள் ஆபீஸிலும் வேலை செய்தது. ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் 2015-ல் வெளியிட்ட முடிவு: வீட்டுக் குழுவின் செயல்திறன் 13% கூடியது. வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கை பாதியானது.

சூப்பர்னு கைதட்டறதுக்கு முன்னாடி மீதியையும் படிங்க. அந்த 249 பேருக்கும் வீட்டில் தனி அறை, பிராட்பேண்ட், குறைந்தது ஆறு மாத அனுபவம் மூன்றும் இருந்தன. நமக்கு? ஹால்தான் ரூம், போன்தான் பிராட்பேண்ட், அனுபவம் பூஜ்யம்! இன்னொன்று: அதே அளவு நன்றாக வேலை செய்தும், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது. கண்ணில் படாதவர் நினைவிலும் இல்லை. சோதனை முடிந்ததும் வீட்டுக் குழுவில் சுமார் பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பிவிட்டார்கள். தனிமை அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆக, நாம் சரிசெய்ய வேண்டியவை மூன்று: இணைப்பு, கண்ணில் படுவது, வீட்டு ஒப்பந்தம்.

1. இணைப்பு: கணக்குப் போடுங்க

வீடியோ கால் ஒரு திசையில் 1 எம்பிபிஎஸ் எடுக்கிறது என்று வையுங்கள். 3600 விநாடியால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் மணிக்கு 450 எம்பி. உங்கள் கேமராவும் ஆன் என்றால் 900 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. இதில் தங்கச்சியின் ஆன்லைன் கிளாஸும் அதே ஹாட்ஸ்பாட்டில்! வெறும் ஆடியோ 80 கேபிபிஎஸ் என்றால் இரு திசைக்கும் சேர்த்து 72 எம்பிதான். "முதல் ரெண்டு நிமிஷம் கேமரா, அப்புறம் ஆடியோ மட்டும், எங்க ஏரியா நெட் அப்படி" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஆஃப் செய்தால் தூங்குகிறோம் என்று நினைப்பார்கள்.

கரண்ட் கட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. ரௌட்டர் எடுப்பது 10 வாட் அளவுதான். 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 84 வாட்-ஹவர் இருக்கிறது. இழப்பு போனாலும் ஐந்து மணி நேரம் ஓடும். ரௌட்டருக்கென்றே சின்ன யூ.பி.எஸ். கிடைக்கிறது. பெரிய இன்வெர்ட்டர் கேட்டு அப்பாவிடம் திட்டு வாங்க வேண்டியதில்லை.

2. கண்ணில் படுவது: எழுதுங்க

இது என் சொந்தச் சூடு. சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு புரோகிராம் டேட்டாபேஸோடு இணையவே இல்லை. 'இதைப் போய்க் கேட்டா என்ன நினைப்பாங்க' என்று இரண்டு நாள் தனியாக மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் காலில் மாட்டிக்கொண்டேன். கான்ஃபிக் ஃபைலில் போர்ட் எண் பழசு. ஐந்து நிமிட வேலை. டீம் லீடர் அண்ணா திட்டவில்லை. "தெரியலைன்னு சொன்னா எனக்கு அஞ்சு நிமிஷம் போகும்பா. சொல்லாம இருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் ரெண்டு நாள் போகும்" என்றார்.

ஆபீஸில் என்றால் முகத்தைப் பார்த்தே பக்கத்து சீட்காரர் கேட்டிருப்பார். வீட்டில் நம்ம முகத்தைப் பார்க்க யாரும் இல்லை, எழுத்துதான் முகம். அதனால்:

- அரை மணி நேரம் முயற்சி பண்ணுங்க. முடியலைன்னா கேட்டுடுங்க.
- வெறும் "ஹாய் அண்ணா" என்று அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். என்ன செய்ய முயன்றேன், என்ன எரர் வந்தது, எதையெல்லாம் பார்த்துவிட்டேன், எங்கே நிற்கிறேன் என்று நாலு வரி ஒரே மெசேஜில் எழுதுங்கள்.
- மாலையில் மூன்று வரி: இன்று முடிந்தது, நாளை செய்யப்போவது, தடையாக இருப்பது.

3. வீட்டு ஒப்பந்தம்

"கம்ப்யூட்டர் முன்னாடி சும்மாதானே உட்கார்ந்திருக்கே, ரேஷன் கடைக்குப் போயிட்டு வாடா." கேட்ட குரல்தானே? கோபப்படாதீங்க. நாம் திரையைப் பார்ப்பது படமா வேலையா என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? கால் இருக்கும் நேரங்களை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். மிக்ஸி அந்த நேரத்தில் ஓய்வெடுக்கும். பதிலுக்கு, மாலை ஒரு நேரம் குறித்து லேப்டாப்பை மூடுங்கள். கடைக்கும் போய் வாருங்கள். வேலை முடியும் நேரம் என்று ஒன்று இல்லாவிட்டால் வீடே ஆபீஸாகிவிடும்.

கம்பெனியின் கணக்கும் தெரியணும்

ஜாயினிங் ஏன் தள்ளிப்போகுது? ஒரு சின்ன கம்பெனியை நினைத்துப் பாருங்கள். கையிருப்பு 60 லட்சம், மாதச் செலவு 12 லட்சம், வரவு 7 லட்சம். மாதம் 5 லட்சம் கரைகிறது; 12 மாதம் தாங்கும். ஒரு பெரிய கஸ்டமர் நின்று வரவு 2 லட்சமானால்? மாதம் 10 லட்சம் கரையும், ஆறே மாதம்தான். உங்கள் மார்க் ஷீட்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆனால் உங்கள் வேலை நிலைமை மாறிவிட்டது. ஜாயினிங் தள்ளிப்போனால் 'நான் லாயக்கில்லை' என்று ராத்திரி முழிச்சுக் கிடக்காதீங்க. பெரும்பாலும் அது உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை, இந்தக் கழித்தல் கணக்கு.

எனக்கும் அதுதான் நடந்தது. ஆறு மாத இன்டர்ன்ஷிப் நாலாவது மாதத்தில் நின்றது. வாடிக்கையாளர் ஒருவர் போய்விட்டார். கடைசி வாரம் என் வேலையை ஒப்படைக்கச் சொன்னபோது, தினமும் எழுதிய மூன்று வரிகளைத் தொகுத்துக் கொடுத்தேன். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த இன்டர்வியூவில் "நாலு மாசத்துல என்ன பண்ணீங்க?" என்று கேட்டபோது, முதல்முறையாகத் திணறாமல் பதில் சொன்னேன். அதன் முடிவுக்கு இன்னும் காத்திருக்கிறேன்!

காலம் எப்போது சரியாகும் என்பது நம் கையில் இல்லை. இன்று மாலை எழுதும் மூன்று வரி நம் கையில் இருக்கிறது. வேலை இன்னும் வராதவர்களும் ஃபைனல் இயர் புராஜெக்டில் இருந்தே தொடங்கலாம். டீம்மேட் வேறு ஊரில்தானே இருக்கிறான்?

உங்கள் அனுபவத்தையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்!